உயரம் பார்த்தல்

புளியந்தோப்பு ஆரம்ப சுகாதார நிலையம்.
புதன்கிழமை என்றால் தடுப்பூசி,
மற்ற நாட்களில் அதே அறையில் நான்.
இழுப்பறையில் எந்தக் குழந்தையோ விட்டுப்போன
ஒற்றைக் கொலுசு.

ஹேம்நாத், ஒன்பது வயது,
நாலாவது முறையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறான்.
அழுத்திப் பார்க்கிறேன், மெத்தென்றிருக்கிறது.
கூச்சத்தில் நெளிகிறான்.
காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை,
பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று.
"ஸ்கூலுக்குப் போவாம இருக்க நடிக்கிறான் மேடம்,
நீங்களே நல்லா நாலு கேளுங்க" என்கிறாள் அமுலு.
எட்டு மணிக்கு அவளுக்கு அம்பத்தூரில் ஷிஃப்ட்.
இப்போது ஒன்பதரை.

நோட்டைப் புரட்டுகிறேன்.
மூன்று பக்கங்களில் என் கையெழுத்து.
வயிற்று வலி. சிரப். மூன்று நாள்.
வயிற்று வலி. சிரப். மூன்று நாள்.
மூன்றாவதில் 'வயிற்று' கூட இல்லை,
அவசரத்தில் ஒரு வ, ஒரு கோடு.
வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால்
கூப்பிட்டுத் திட்டியிருப்பேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் மை
பொட்டுப் பொட்டாக ஊறியிருக்கிறது.
ஜன்னலைப் பார்த்தேன்.
பகலிலேயே பேருந்துகள் விளக்குப் போட்டிருந்தன.

"உங்க வீடு கீழ்வீடா?"
"ஆமா."
"மழைக்குத் தண்ணி வந்துச்சா?"
"அது வருஷா வருஷம் வரும் மேடம்.
அது வேற, இது வயிறு."

எடைக்கருவிப் பக்கமிருந்து சிஸ்டர் எஸ்தர் சொன்னார்,
தலையை நிமிர்த்தாமலே:
"வந்ததும் ஹைட்டுதான் பாக்கச் சொல்வான் மேடம்.
வெயிட்டு வேணாம்பான்."

உயரம், உயரம், உயரம்.
ஒரே மாதத்துக்குள் மூன்று முறை.
பதினைந்து நாளில் யாரும் வளர்வதில்லை என்பதை
நான் படித்திருக்கிறேன்.
ஏன் கேட்கிறான் என்பதைப் படிக்கவில்லை.

அமுலுவை வெளியே உட்காரச் சொன்னேன்.
நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப்போட்டு,
"எவ்ளோ உயரம் வேணும் உனக்கு?" என்றேன்.

சுவரோடு போய் நின்றான்.
மூக்குக்கு நேராக உள்ளங்கையை வைத்தான்.
"எங்கூட்டு செவுத்துல இங்க கோடு இருக்கு.
பெயிண்ட் அடிச்சும் தெரியுது.
வாய் மேல வந்துட்டா போதும்ல?"

கிலோவுக்கு இத்தனை மில்லி என்றால்
தூக்கத்திலும் சொல்வேன்.
சென்டிமீட்டருக்கு என்ன தருவது?
எழும்பூரில் மனநல மருத்துவர் தேதி கொடுத்தார்,
மூன்று வாரம் கழித்து.
மழை இன்று சாயங்காலம்.

தண்ணி வராது என்று சொல்லவில்லை.
அந்தப் பொய் எங்களிடம் ஸ்டாக் இல்லை.
ஒரு தாளை எடுத்து அவனையே எழுதச் சொன்னேன்.
முதலில் எங்கே போவாய்?
மாடியில் மும்தாஜ் ஆண்ட்டி வீடு.
யார் கூட? அம்மா.
அம்மா ஷிஃப்ட்டில் இருந்தால்?
பென்சில் நின்றது.
அதுதான் வலி. அங்கேதான்.

அமுலுவை உள்ளே கூப்பிட்டேன்.
தாளை இரண்டு முறை படித்தாள்.
"அன்னிக்கி இவன தோள்ல வச்சிக்கினு
நாலு மணி நேரம் நின்னேன் மேடம்.
சிரிச்சிக்கினுதான இருந்தான்..."
தன் வலது தோளை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.
பிறகு பென்சிலை வாங்கி,
மும்தாஜின் போன் நம்பரை
எண் எண்ணாகச் சொல்லியபடி எழுதினாள்.

அடுத்து வந்தது கார்த்திகையில், தூறலில்.
"இன்னிக்கி வயிறு இல்ல மேடம்,
பயமாம்" என்றாள்,
கண்டக்டரிடம் இறங்குமிடம் சொல்வதுபோல.
எழுதினேன்: பயம்.
மருந்து கொடுக்கும் பையன்கூடப் படிக்க முடிகிற எழுத்தில்.

ஹேம்நாத் அதற்குள் செருப்பைக் கழற்றி
உயரப் பலகையில் ஏறி நின்றிருந்தான்.
"நூத்தி இருபத்தி நாலு" என்றார் எஸ்தர்.
"அரை இருக்கு" என்றான்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.
நானும் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

அரை இருந்தது.